நிலத்துக்கு விக்கல் எடுத்த வருஷம்

ஆம்பலேரி நகர் மூன்றாவது தெருவில் நிலத்துக்கு முதல் விக்கல் எடுத்தது மாசி மாதத்து ஒரு புதன்கிழமை, காலை ஆறு பத்துக்கு. அப்போது அம்சவேணி தன் வீட்டுக் கார் ஷெட்டில் உட்கார்ந்து கிரைண்டரிலிருந்து இட்லி மாவை வழித்துக்கொண்டிருந்தாள். மாவு அன்னக்கூடை தரையிலிருந்து ஒரு விரல் உயரம் எழும்பி, ஒரு சொட்டும் சிந்தாமல் அதே இடத்தில் உட்கார்ந்தது. எதிர்வீட்டு அலமாரியில் டம்ளர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கிணுங்கின. தெருமுனைப் பிள்ளையார் கோயில் மணி யாரும் தொடாமலே ஒரு தரம் அடித்தது. பிறகு எதுவும் நடக்காத மாதிரி தெரு அடங்கிவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் எழும்பியது, மறுபடியும் அடங்கியது, அன்று முழுக்க மணிக்கு ஒரு தரம் என்று கணக்கு வைத்த மாதிரி வந்துகொண்டே இருந்தது.

முதல் நாள் நாங்கள் கல்குவாரியில் வெடி வைக்கிறார்கள் என்றோம். இரண்டாம் நாள் எங்கோ பூமிக்கடியில் ரயிலுக்குக் குடைகிறார்கள் என்றோம். மூன்றாம் நாள் தையல் கடை கிருபாவதி, மூன்று பிள்ளைகளை மடியில் போட்டு வளர்த்தவள், தரையில் உள்ளங்கையை வைத்து ஒரு தரம் வரும்வரை காத்திருந்துவிட்டு, இது விக்கல் என்று சொன்னாள். சட்டென்று இழுக்கிறது, ஒரு கணம் மூச்சைப் பிடிக்கிறது, அப்புறம் விடுகிறது, விக்கல் இல்லாமல் வேறென்ன என்றாள். யாரும் மறுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு அதை நாங்கள் வேறு பெயரில் கூப்பிடவும் இல்லை.

வந்துவிட்ட ஒன்றோடு குடித்தனம் நடத்தத்தானே வேண்டும். சலூன் கடை சங்கரலிங்கம் சுவர்க்கடிகாரத்தைக் கண்ணாடிக்கு மேலே மாற்றி மாட்டி, நேரம் நெருங்கும்போது சவரக்கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்து அந்தரத்தில் பிடித்துக்கொள்வார், நாற்காலியில் இருப்பவர் பேசிக்கொண்டிருந்த பேச்சைப் பாதியில் நிறுத்தி வாயை மூடிக்கொள்வார், விக்கல் வந்து போனதும் கத்தியும் பேச்சும் விட்ட இடத்திலிருந்து தொடரும். கிருபாவதி தையல் மிஷினிலிருந்து காலை எடுத்துவிடுவாள். வாய்ப்பாட்டு டீச்சர் இரண்டு விக்கலுக்கு நடுவில் எத்தனை பாட்டு அடங்கும் என்று பார்த்துப் பாடத்தைப் பிரித்துக்கொண்டார். எட்டாம் நம்பர் வீட்டில் மொட்டை மாடியில் பந்தல் போட்டு நடந்த கல்யாணத்தில், ஐயர் முகூர்த்த நேரத்துக்குள்ளேயே ஒரு விக்கல் கழியும்வரை பொறுத்திருந்து, அது போன கையோடு மாப்பிள்ளையிடம் தாலியைக் கொடுத்தார். வீட்டுத் தரகர்கள் வாடகைக்கு ஆள் கூட்டிவரும்போது ஒரு விக்கல் முடிந்ததும் தெருவுக்குள் நுழைந்து அடுத்தது வருவதற்குள் வெளியேறினார்கள். ஆட்டோக்காரர்கள் எங்கள் தெருப் பெயரையே மறந்து, விக்கல் தெருவா என்று கேட்டுத்தான் வண்டியை எடுத்தார்கள்.

ஆனால் விக்கல் நிற்கவில்லை, நெருங்கிக்கொண்டே வந்தது. பங்குனியில் அரை மணிக்கு ஒன்றாகியது, சித்திரையில் ஒன்பது நிமிடத்துக்கு ஒன்றாகியது. சுவர்களில் மயிரிழை மாதிரி கோடுகள் விழுந்தன. பதினோராம் நம்பர் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் ஒரு மத்தியானம் அப்படியே சாய்ந்து ஒரு ஸ்கூட்டரை நசுக்கியது. போர்வெல்கள் ஒவ்வொன்றாகக் காற்றைக் கக்கின. அப்போதுதான் நாங்கள் பயந்தோம், பயந்த பிறகு வைத்தியம் பார்த்தோம்.

விக்கல் வந்தால் யாரோ நினைக்கிறார்கள் என்று அர்த்தம், நினைக்கிறவர் பெயரைச் சொன்னால் நின்றுவிடும். இந்த நிலத்தை நினைக்கிறவர் யார் என்ற கேள்வி வந்ததும் எல்லோரும் துரைக்கண்ணு வீட்டைப் பார்த்தோம். அவர் ஓய்வுபெற்ற சர்வேயர், அறுபத்தெட்டு வயது, எங்கள் நலச்சங்கத்தின் தலைவர். மனை போடுவதற்கு முன்னால் இந்த இடம் ஏரிக்குப் போகிற தண்ணீர் பரவி நிற்கும் வயலாக இருந்த காலத்தில் சங்கிலி பிடித்து அளந்தவர். தெருவின் நடுவில் நின்று, அந்த வயல்களில் உழுதவர்களின் பெயர்களை அவர் ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொன்னார்: ஏகாம்பரம், கன்னியப்பன், மேட்டுக்கொல்லை அர்ச்சுனன், குப்பாயி, குப்பாயியின் தங்கை ராக்காயி. ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் நாங்கள் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தோம். எல்லாப் பெயரும் தீர்ந்த பிறகும் விக்கல் வந்தது. அடுத்ததாக வீட்டுக்கு ஒரு கைப்பிடி சர்க்கரை தெருவில் தூவினோம், எறும்புகள் நன்றாக இருந்தன. திடுக்கிட வைத்தால் நிற்கும் என்று பத்தாயிரம் வாலா ஒன்றைக் கொளுத்தினோம், தெரு நாய்கள் பயந்து ஓடி மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தன, நிலம் பயப்படவில்லை.

இதையெல்லாம் கார் ஷெட்டில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார் அம்சவேணியின் கணவர் வேதாசலம். இருபத்திரண்டு வருஷம் தண்ணீர் லாரி ஓட்டியவர். இந்தப் பக்கத்துப் புறநகரில் அவர் கொண்டுபோய் இறக்காத தெரு கிடையாது. நான்கு வருஷத்துக்கு முன் அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் பெரிய ரோட்டில் இருக்கிற டயாலிசிஸ் சென்டருக்குப் போய் நான்கு மணி நேரம் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். மற்ற நாட்களில் குடிக்கிற தண்ணீர் உடம்பை விட்டு வெளியே போக வழி இல்லாததால், ஒரு நாளைக்கு எழுநூறு மில்லிக்கு மேல் எதுவும் குடிக்கக்கூடாது, காபியும் ரசமும் அதில் சேர்த்தி. அம்சவேணி காலையில் ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி வைப்பாள். ஊருக்கெல்லாம் லாரி லாரியாக இறக்கியவர் அந்தப் பாட்டிலை மணிக்கொரு தரம் எடுத்து, எவ்வளவு மிச்சம் என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, குடிக்காமல் வைப்பார்.

அவர்கள் வீடுதான் தெருவிலேயே பள்ளமான வீடு. தெருவுக்கு ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் ரோடு மேலே ஏறியது, வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. கேட்டிலிருந்து ஷெட் வரைக்கும் முப்பது அடி நீளத்துக்கு வண்டிப்பாதை வீட்டைப் பார்த்துச் சரிந்து கிடந்தது. முந்தின வருஷம் ஆடியில், துரைக்கண்ணு மனுமேல் மனு போட்டு அலைந்ததன் பலனாக, சுவருக்குச் சுவர் இடைவெளி இல்லாமல் தெரு முழுக்க சிமெண்ட் தளம் வந்தது. சேறு போனது, பாம்பு போனது, அவருக்கு மாலை போட்டோம். அந்தச் சந்தோஷத்தில் நாங்களும் ஆளுக்கு ஆள் வாசலை மூடினோம், சிலர் டைல்ஸ், சிலர் கிரானைட், அம்சவேணி சிமெண்ட். கார்த்திகையில் மழை வந்தபோது அத்தனை வீட்டுத் தண்ணீரும் போக இடமில்லாமல் அவள் வண்டிப்பாதையில் இறங்கி, பதினோரு நாள் தொடை உயரத்துக்கு நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் தவறிப்போனது. சனிக்கிழமை காலையில் வேதாசலத்துக்கு முகம் வீங்கி, பேச்சுக்கு மூச்சு போதவில்லை. துரைக்கண்ணுதான் வேட்டியை மடித்துக் கட்டி முதலில் தண்ணீரில் இறங்கியவர். மடக்குக் கட்டிலில் வேதாசலத்தைக் கிடத்தி, நான்கு பேராகத் தோளில் தூக்கி, பெரிய ரோட்டில் நின்ற ஆம்புலன்ஸ் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கஷ்டம் என்று டயாலிசிஸ் சென்டரில் சொன்னார்கள். அன்றிலிருந்து அம்சவேணி தன் மாவு வியாபாரத்தில் முதல் பாக்கெட்டைத் துரைக்கண்ணு வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் மற்ற வீட்டுக்குப் போவாள்.

ஆனி மாதம் ஒரு மத்தியானம், நான்கு நிமிடத்துக்கு ஒரு விக்கல் வந்துகொண்டிருந்த நாட்களில், வேதாசலம் அவளைக் கூப்பிட்டார்.

"வேணி, இது யாரும் நினைச்சு வர்ற விக்கல் இல்ல."

அவள் மாவுப் பாக்கெட்டுகளைக் கட்டியபடி அவரைப் பார்த்தாள்.

"தாகம்," என்றார். "டயாலிசிஸுக்கு முந்தின நாள் எனக்கு வருமே, அதேதான். தொண்டைக்குழி எப்படி இழுத்து விடுதுன்னு கவனிச்சுப் பாரு. என் காலெல்லாம் தண்ணியா வீங்கிக் கிடக்கு, நாக்கு மட்டும் வறண்டு போகுது. இந்த நிலத்துக்கும் மேல தண்ணி நின்னுது, உள்ள ஒரு சொட்டு இறங்கல. மூடிட்டோம்ல."

அம்சவேணி கட்டுவதை நிறுத்தினாள். தாகத்தைப் பற்றி அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், நான்கு வருஷமாக அந்தத் தாகத்தை அளந்து ஊற்றுகிறவள் அவள். வேதாசலம் சுவரைப் பிடித்து எழுந்தார். அன்றைய பாட்டிலில் மிச்சம் இருந்ததை எடுத்துக்கொண்டு, விக்கலில் சிமெண்ட் பிளந்து ஒரு கோடு விழுந்திருந்த கேட்டோரம் வரைக்கும் மெல்ல நடந்துபோய்க் குனிந்தார். அவர் என்ன செய்யப்போகிறார் என்று புரிந்து அவள் கையை நீட்டினாள், ஆனால் தடுக்கவில்லை. சாயங்காலம் வரைக்கும் அவருக்கு இருந்த அத்தனை தண்ணீரையும் அவர் அந்தப் பிளவில் ஊற்றினார். உள்ளே எங்கேயோ, ரொம்ப நாளாகத் திறக்காத ஒரு வாய் திறந்து மூடிய மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

அடுத்த விக்கல் நான்கு நிமிடத்தில் வரவில்லை. நாற்பது நிமிடம் கழித்துத்தான் வந்தது. அதற்குள் சங்கரலிங்கம் அந்தரத்தில் பிடித்த கத்தியோடு வாசலுக்கு வந்துவிட்டார், வாய்ப்பாட்டு டீச்சர் பாட்டை முடித்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார், வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியே வந்து என்ன ஆச்சு என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். அன்று சாயங்காலம் முழுக்க வேதாசலம் ஒரு ஏலக்காயை வாயில் அடக்கியே தாகத்தைச் சமாளித்தார்.

மறுநாள் நாங்கள் எல்லோரும் பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினோம். பிளவு இரண்டு குவளை குடித்துவிட்டுத் தூசியில் அடைத்துக்கொண்டது. மிச்சத் தண்ணீர் எல்லாம் சிமெண்ட் மேல் வழுக்கி அம்சவேணி வீட்டு ஷெட்டுக்குள் போனது. துடைப்பத்தால் அதைத் தள்ளிக்கொண்டே இருந்தபோதுதான் அவளுக்கு அந்த டயாலிசிஸ் சென்டரின் கார் நிறுத்தும் இடம் ஞாபகம் வந்தது. கார்த்திகையில் அந்தச் சனிக்கிழமை, வேதாசலத்தை உள்ளே கொண்டுபோன பிறகு, ஈரப் புடவையோடு அவள் அங்கே நான்கு மணி நேரம் நின்றிருந்தாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது, காலடியில் மட்டும் தண்ணீர் நிற்கவில்லை. அன்று அதைப் பார்த்தாளே தவிர யோசிக்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை அங்கே குனிந்து பார்த்தாள்: கற்களுக்கு நடுவில் விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டு, அதில் சின்னச் சின்ன ஜல்லி நிரப்பியிருந்தது. வாட்ச்மேனைக் கேட்டாள். அவர் தணிகாசலம் என்ற கொத்தனாரின் நம்பரைக் கொடுத்தார்.

தணிகாசலம் திருத்தணிப் பக்கத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். வண்டிப்பாதையைச் சுற்றி வந்து பார்த்தார், ஒரு விக்கல் வந்து போகும்வரை நின்றார், பிறகு சொன்னார்: இந்தச் சிமெண்டை உடைத்து ஒன்றரை அடி ஆழம் தோண்டவேண்டும், அடியில் பெரிய ஜல்லி, அதற்கு மேல் சின்ன ஜல்லி, அதற்கு மேல் சிப்ஸ் என்கிற பொடிக்கல், அதன்மேல் இடைவெளி விட்டுக் கல், எங்கேயும் மணல் கூடாது, தூசி கூடாது, ஒரு கூடை மண் கலந்தாலும் தொண்டை அடைத்துக்கொள்ளும். வருஷத்துக்கு ஒரு தரம் இடைவெளியைச் சுத்தம் செய்யவேண்டும். முடியுமா என்று கேட்டார். முடியும் என்றாள்.

முடியாமல் இருந்தது வேறொன்று. சிமெண்டை யாரும் உடைக்கக்கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் இருந்தது, தீர்மானம் போட்டவர் துரைக்கண்ணு. அவள் அவர் வீட்டுக்குப் போனாள். தளம் திறந்த நாளில் மாலையோடு எடுத்த போட்டோ அவர் கூடத்துச் சுவரில் தொங்கியது. அவள் சொல்லவந்ததைச் சொல்லி முடித்தாள். அதற்குள் இரண்டு விக்கல் வந்தது, இரண்டு தடவையும் போட்டோ கோணியது, இரண்டு தடவையும் அவர் எழுந்துபோய் நேராக்கினார்.

"பதினேழு மனு போட்டேன்மா இந்தத் தளத்துக்கு," என்றார்.

"தெரியும் சார். இவரைத் தோள்ல தூக்கிட்டு அந்தத் தண்ணில நீங்க நடந்ததும் தெரியும். அந்த நன்றி இருக்கிறதாலதான் சொல்லாம உடைக்க மனசு வரல. ஆனா அடுத்த கார்த்திகையிலயும் உங்களைத் தூக்கவிட முடியாது சார்."

துரைக்கண்ணு தன் தோளை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். "உடைச்சுக்குங்க," என்றார். "நான் பார்க்க வரமாட்டேன்."

தணிகாசலமும் அவர் மனைவியும் தம்பிகள் இரண்டு பேரும் உடைத்தார்கள். சிமெண்டுக்குக் கீழே மண் வறுத்த மாதிரி இருந்தது, கை நுழைகிற பிளவுகள், பிளவுக்குள் வெள்ளை வெளேரென்று நத்தை ஓடுகள். ஜல்லியைக் கெட்டிப்படுத்துவதற்கு ஒரு மிஷின் கொண்டுவந்திருந்தார்கள், முதல் நாளே அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்; நான்கு நிமிடத்துக்கு ஒரு தரம் நிலமே விக்கி விக்கி ஜல்லியை அழகாக உட்காரவைத்தது. கொட்டுவார்கள், கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், விக்கல் வரும், மறுபடி கொட்டுவார்கள். அப்படி ஒரு ஒத்தாசையோடு தன் வாழ்நாளில் வேலை செய்ததில்லை என்று தணிகாசலம் பிறகு பல இடத்தில் சொன்னதாகக் கேள்வி.

ஆறாம் நாள் கல் பதிக்க ஆரம்பித்தார்கள். துரைக்கண்ணு மூன்று நாளாக மாடியில் நின்று ஒரே செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்கு அவர் கதவு திறந்தது. பழைய சர்வே ஆபீஸ் காலத்து மட்டம் பார்க்கும் கருவியை முக்காலியோடு தோளில் சாய்த்து எடுத்துவந்து, கேட்டில் நிறுத்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"சரிவு இன்னும் வீட்டுப் பக்கம்தான் போகுது," என்றார் தணிகாசலத்திடம். "அந்த ஓரத்துல ரெண்டு அங்குலம் ஏத்து. தண்ணி நடுவுக்கு வரணும்."

ஏற்றினார்கள். வேலை முடிகிறவரைக்கும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. அம்சவேணி கொண்டுவந்து வைத்த இட்லியை முக்காலி பக்கத்திலேயே நின்று சாப்பிட்டார்.

பிறகு மழைக்குக் காத்திருந்தோம். மழை வந்தால் எதையெல்லாம் மேலே தூக்கி வைப்பது என்று மட்டுமே யோசித்துப் பழகிய தெரு அந்த வருஷம் தினமும் மேற்கே பார்த்தது. ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு வந்தது, தூறல் இல்லாமல் எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. மறுநாள் டயாலிசிஸ், ஆகவே வேதாசலத்துக்கு அது தாகம் உச்சியில் நிற்கிற நாள். ஷெட் விளிம்பில் நாற்காலியைப் போட்டு, வீங்கிய கால்களைச் செருப்பில்லாமல் கற்களின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் குடையும் கோணிப்பையுமாகக் கேட்டுக்கு வெளியே நின்றோம். தெருவின் அத்தனை தண்ணீரும், பால் கவரும் வேப்பஞ்சருகும் சுமந்துகொண்டு, வழக்கம்போலப் பள்ளம் பார்த்து ஓடிவந்து அம்சவேணியின் கேட்டுக்குள் நுழைந்தது, கற்களின் மேல் பரவியது, அப்புறம் இல்லை. கவரும் சருகும் கல்லின் மேல் கிடந்தன, தண்ணீரைக் காணவில்லை. வந்த தண்ணீர் வந்த வேகத்திலேயே உள்ளே போனது.

முதலில் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது, பயன்படுத்தாத தொண்டை மாதிரி. பிறகு ஒவ்வொரு மடக்காக, நிதானமாக, கேட்கிற எங்களுக்கே வயிறு குளிர்கிற மாதிரி நிலம் குடிக்க ஆரம்பித்தது. இரண்டு மணி நேரம் குடித்தது. கிருபாவதி கும்பிட்டபடி நின்றாள், கும்பிடுகிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். அம்சவேணி மட்டும் நிலத்தைப் பார்க்கவில்லை, கணவரின் கழுத்தைப் பார்த்தாள். நிலம் ஒரு மடக்கு விழுங்கும்போதெல்லாம் அவர் தொண்டை ஏறி இறங்கியது. வாயில் ஒன்றும் இல்லை, உதடு மூடியிருந்தது, தொண்டை மட்டும் ஏறி இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கே தெரிந்தது. நாக்கால் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். உதடு ஈரமாக இருந்தது.

மழை விட்டதும் நிலம் நீளமாக ஒரு மூச்சு விட்டது. அந்த மூச்சில் தெருவே மண்வாசனை அடித்தது. அம்சவேணி வீட்டுக்கு அடியில் அதற்குப் பிறகு விக்கல் வரவில்லை. அவள் உள்ளே போய் அவருக்கு அன்றைக்கு மிச்சம் இருந்த தண்ணீரை டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். வேதாசலம் அதைப் பார்த்தார்.

"போதும் வேணி," என்றார்.

நான்கு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதில்லை. டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் டயாலிசிஸ் சென்டரில் எமிலி சிஸ்டர் அவரை எடை மெஷினில் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்தார். உடம்பில் வழக்கமாகச் சேர்ந்திருக்கும் தண்ணீரில் பாதிகூட இல்லை. சிறுநீரகம் சரியாகவில்லை, செவ்வாயும் வெள்ளியும் போய்த்தான் ஆகவேண்டியிருந்தது. தாகம் மட்டும் அவரை விட்டுப் போயிருந்தது.

அதற்குப் பிறகு தணிகாசலம் எங்கள் தெருவை விட்டுப் போகவே முடியவில்லை. எட்டாம் நம்பர் உடைத்தது, பதினோராம் நம்பர் உடைத்தது, கிரானைட் போட்டவர்கள் கொஞ்சம் கண்கலங்கிவிட்டு உடைத்தார்கள். துரைக்கண்ணு தெருத்தளத்தின் இரண்டு ஓரத்தையும் மூன்றடி அகலத்துக்குத் திறக்கவேண்டும் என்று பதினெட்டாவது மனுவைத் தன் கையாலேயே எழுதினார், அது கிடைத்ததும் கருவியோடு வந்து நின்று ஒவ்வொரு அடிக்கும் மட்டம் பார்த்தார். ஒவ்வொரு மழைக்கும் ஒரு வீட்டுக்கு அடியில் விக்கல் நின்றது. ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை, சங்கரலிங்கம் நேரம் பார்த்துக் கத்தியை எடுத்து அந்தரத்தில் பிடித்தார், பிடித்தபடியே நின்றார், நாற்காலியில் இருந்தவர் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார், கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, தெரு முழுக்க அவரவர் கை அந்தந்த இடத்தில் நின்றது. கடைசியில் சங்கரலிங்கம் கத்தியை மெல்ல இறக்கி மிச்சக் கன்னத்தைச் சிரைத்தார். சில நாள் எங்களுக்கு எதையோ மறந்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. பிறகு பழகிவிட்டது.

கார்த்திகை மழை அந்த வருஷமும் முந்தின வருஷத்துக்குக் குறையாமல் பெய்தது. வெள்ளிக்கிழமை ஆட்டோ கேட்டைத் தாண்டி ஷெட் வரைக்கும் வந்து நின்றது, வேதாசலம் தன் காலால் நடந்துபோய் ஏறினார். போர்வெல்லில் தண்ணீர் இருபது அடிக்கு வந்திருந்தது. இவ்வளவுதான் என்று நாங்கள் நினைத்தோம், இதற்கே பிள்ளையாருக்கு நூற்றெட்டு தேங்காய் உடைத்தோம்.

ஆனால் வேதாசலம் தனக்குக் கிடைத்ததை டயாலிசிஸ் சென்டரில் பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லியிருந்தார். அந்த மனுஷர் நம்பவில்லை, இருந்தாலும் தாகம் உள்ளவர், அடுத்த மழைக்கு ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். அம்சவேணி அவருக்கு ஷெட் விளிம்பில் இடம் கொடுத்தாள். அவர் கற்களின் மேல் காலை வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, போகும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த மழைக்கு நான்கு பேர் வந்தார்கள், மார்கழியில் வானம் இருட்டினாலே எங்கள் தெருவுக்கு ஆட்டோக்கள் வர ஆரம்பித்தன. ஒரு வீட்டு வாசல் போதாமல் எல்லா வாசலிலும் உட்காரவைத்தோம். எந்த வீட்டு நிலம் நிதானமாகக் குடிக்கும், எது அவசரமாகக் குடிக்கும் என்று துரைக்கண்ணுவுக்குத் தெரியும், வருகிறவர்களின் உடம்பைப் பார்த்து அவர் இடம் பிரித்துக் கொடுத்தார். சங்கரலிங்கம் கடையைப் பூட்டிவிட்டுக் குடை பிடித்தார். வாய்ப்பாட்டு டீச்சர் கால் துடைக்கத் துண்டுகள் கொண்டுவந்தார். யாரும் சொல்லாமலே தெருவில் ஒரு வழக்கம் உண்டானது: அவர்கள் இருக்கிற நேரத்தில் அவர்கள் கண்ணெதிரே எங்களில் ஒருவர்கூட ஒரு வாய் டீ குடிக்கமாட்டோம்.

மார்கழியின் கடைசி மழைக்கு நூர்ஜகான் என்று ஒரு பெண் வந்தாள், முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும், ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆறு வருஷமாக டயாலிசிஸ். உதடு வெடித்திருந்தது, பேசினால் ரத்தம் வரும்போல இருந்தது, அதனால் பேசாமலே தலையை ஆட்டி அம்சவேணி காட்டிய இடத்தில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றி, தயங்கி, பாதங்களைக் கல்லின் மேல் வைத்தாள். நிலம் குடிக்க ஆரம்பித்தது. முதல் மடக்குக்கு அவள் தொண்டை அசைந்தபோது பயந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது மடக்குக்குக் கையை எடுத்தாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள், மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அதை அவள் துடைக்கவில்லை.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மழை குறைய ஆரம்பித்தது. கிழக்கே மேகம் கொஞ்சம் வெளுத்தது. அம்சவேணி துண்டை எடுத்துக்கொண்டு அவளிடம் போய்க் குனிந்து, ஆட்டோவைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள்.

நூர்ஜகான் கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் பெய்யட்டும்க்கா," என்றாள்.

பெய்தது, விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும்.